ஏழாம் நம்பர் மலையின் குளவிக்கூடு

தம்பி,

ஃபோனில் பேசினால் நீ "சரிம்மா, சரிம்மா" என்று சொல்லிக்கொண்டே வேனை ஸ்டார்ட் பண்ணிவிடுகிறாய். வாய்ஸ் மெசேஜ் போட்டால் பாதி கேட்டுவிட்டு ஒரு கும்பிடு படம் அனுப்புகிறாய். அதனால்தான் உட்கார்ந்து எழுதுகிறேன். சுமதியின் மகள் இதைப் பக்கம் பக்கமாகப் படம் பிடித்து நுவரெலியாவில் இருக்கிற உனக்கு வாட்ஸ்அப்பில் அனுப்புவாள். அனுப்புவதற்கு முன்னால் சுமதியும், இந்த லயத்து வரிசை வீடுகளிலிருந்து தேயிலைக் கொழுந்து எடுக்கப் போகிற மற்றப் பெண்களும் வாசிப்பார்கள். நான்தான் வாசிக்கச் சொன்னேன். அவர்களுடைய உயிர் சம்பந்தப்பட்ட விஷயத்தை அவர்களுக்குத் தெரியாமல் நீயும் நானும் மட்டும் பேசிக்கொள்வது சரியில்லை.

விஷயம் என்னவென்று உனக்குத் தெரியும். ஏழாம் நம்பர் மலையில், ரோட்டு வளைவுக்கு மேலே நிற்கிற டர்பன்டைன் மரத்தில் தொங்குகிற குளவிக்கூடு. அதைக் கலைக்க வேண்டாம் என்று நீ தோட்டத்துத் துரையிடம் பேசி வைத்திருக்கிறாய். உன்னுடைய தேன் பருந்து அதைத் தேடி வருகிறது, வருகிற திங்கட்கிழமை பறவை பார்க்க நீ வேனில் கூட்டிவரும் ஆட்களுக்கு அதைக் காட்ட வேண்டும், சீசன் முடியும்வரை கூடு அப்படியே இருக்கட்டும் என்று கேட்டிருக்கிறாய். அந்தக் கூட்டைத் திங்கட்கிழமைக்கு முன் கலைத்துவிடச் சொல்லி நீயே துரையிடம் திரும்பப் பேச வேண்டும். இவ்வளவுதான் நான் கேட்பது. ஆனால் இவ்வளவோடு நிறுத்தினால் நீ கேட்கமாட்டாய், உன் அப்பாவும் அப்படித்தான். அவரிடம் ஒரு காரியம் ஆக வேண்டுமென்றால் நான் ஊரைச் சுற்றித்தான் வர வேண்டியிருக்கும். உன்னிடமும் அப்படியே வருகிறேன், பொறுமையாக வாசி.

நான் பயந்தவள் என்பது ஊரறிந்த கதை. இரண்டு நாள் நின்று மழை பெய்தால் லயத்துக்குப் பின்னால் இருக்கிற மேடு சரிந்துவிடுமோ என்று தூக்கம் வராது. நீ பனிமூட்டத்தில் வண்டி ஓட்டுகிறாய் என்று தெரிந்தால் கடவுள் படத்துக்கு முன்னால் போய் நின்றுகொள்வேன். "பயந்தாங்கொள்ளி அம்மா" என்று நீ உன் சிநேகிதர்களிடம் சொல்லிச் சிரிப்பது எனக்குத் தெரியும், சிரித்துக்கொள். ஆனால் இந்தத் தடவை இருக்கிற பயம் அந்த மாதிரியானது இல்லை. அந்தப் பயங்களுக்கெல்லாம் ஒரு பிளேன்டீ குடித்தால் ஓரளவு தேறிவிடும். இது வியாழக்கிழமை வந்தது, இன்னும் தேறவில்லை.

உனக்கு நாலு வயது இருக்கும்போது ஒரு நாள் பிள்ளைக்காம்பரா பூட்டிக் கிடந்தது. பிள்ளைகளைப் பார்க்கிற ஆயா ஒரு சாவுக்குப் போயிருந்தாள். உன்னை விட்டுவைக்க ஆள் இல்லாமல் மலைக்குக் கூட்டிப்போனேன். எங்களுக்குள் அப்போது ஒரு பழக்கம் இருந்தது, இப்போதும் இருக்கிறது. குளவி இருக்கிற மலையில் வேலை செய்யும்போது கழுகு தாழப் பறப்பதை யார் முதலில் கண்டாலும் கத்தக்கூடாது. கையிலிருக்கிற மட்டக்குச்சியால் பக்கத்துச் செடி நிரையில் நிற்கிறவளின் கூடையைத் தட்ட வேண்டும். அவள் அடுத்தவளைத் தட்டுவாள். தட்டு வந்ததும் எல்லோரும் கூடையைக் கழற்றிவிட்டு, இடுப்பில் கட்டியிருக்கிற சாக்குப் படங்கை அவிழ்த்துத் தலைவரை மூடிக்கொண்டு, செடிக்கு அடியில் குப்புறப் படுத்துவிட வேண்டும். ஓடவே கூடாது, ஓடுகிறவளைத்தான் குளவி துரத்தும். நீங்கள் புத்தகத்தில் தேன் பருந்து என்று படிக்கிற அதே பறவையைத்தான் நாங்கள் கழுகு என்கிறோம். அது கூட்டைக் கொத்திப் பிய்த்துக்கொண்டு மேலே போய்விடும். குளவிக்கு அதை ஒன்றும் செய்ய முடியாது. அந்த ஆத்திரத்தையெல்லாம் கீழே நிற்கிற எங்கள் மேல் தீர்த்துக்கொள்ளும்.

அன்றைக்குத் தட்டு வந்தது. உன்னைச் செடிக்கு அடியில் தள்ளி, உன் மேல் நான் படுத்து, இரண்டு பேருக்குமாகப் படங்கை இழுத்துப் போர்த்தினேன். உனக்குப் போதுமாக இருந்தது, எனக்குக் காலுக்கு எட்டவில்லை. கெண்டைக்காலில் விழுந்த கொட்டுகள் நெருப்புக் கொள்ளியை வைத்த மாதிரி இருந்தன, நான் பல்லைக் கடித்துக்கொண்டு கிடந்தேன். பாக்கியம் அக்கா எனக்கு அடுத்த நிரை. அத்தனை பேருக்கும் "ஓடாதீங்கடி" என்று சொல்லிக்கொடுத்தவள் அவள்தான், அன்றைக்கு அவள்தான் ஓடினாள். தண்ணீர் ஓடுகிற கான் ஓரத்தில் விழுந்தவளைக் கொழுந்து லொறியில் ஏற்றினார்கள். ஆஸ்பத்திரி போய்ச் சேரவில்லை. பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்த அவள் மகள் சுமதி அடுத்த மாதமே தாயின் கூடையைத் தூக்கிக்கொண்டு, காலையில் ஆள் கணக்கெடுக்கிற பெரட்டுக் களத்துக்கு வந்து நின்றாள். இதெல்லாம் உனக்குத் தெரியாதது இல்லை. சொல்லிச் சொல்லி உனக்கே மனப்பாடம். ஆனால் சாயங்காலம் காலில் சுண்ணாம்பு தடவிக்கொண்டு நான் அழுதுகொண்டிருக்கும்போது நீ வந்து சொன்னதை நீ மறந்திருப்பாய். "அம்மா, அதுக்கு வாலுல பட்ட பட்டயா கோடு இருந்துச்சு." நான் உன்னை மூடிவிட்டேன் என்று நினைத்திருந்தேன். நீ படங்கின் ஓட்டை வழியாக மேலே பார்த்துக்கொண்டிருந்திருக்கிறாய்.

அந்தக் கண்தான் உனக்குச் சோறு போடுகிறது. அதில் எனக்குக் குறை ஒன்றும் இல்லை. பென்ஷன் வாங்கி நான் வீட்டோடு இருக்க ஆரம்பித்ததும், ஆள் கிடைக்காத நாட்களில் என்னை வேனின் முன் சீட்டில் உட்கார வைத்துக்கொண்டு போனாயே, அந்தப் பயணங்களை நினைத்தால் இப்போதும் சிரிப்பு வருகிறது. தலவாக்கலை தாண்டினதும் வளைவுக்கு வளைவு நான் கதவுக் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு முருகா முருகா என்பேன். நீ வேண்டுமென்றே விசில் அடிப்பாய். முதல் தடவை நுவரெலியாப் பூங்காவில் என்னைக் கொண்டுபோய் ஒரு நாற்றம் பிடித்த கானுக்குப் பக்கத்தில் நிறுத்தினாய். அங்கே வெள்ளைக்காரர்கள் மூச்சுவிடாமல் குந்திக்கொண்டிருந்தார்கள். கடல் தாண்டி வந்து சாக்கடையையா பார்க்கிறார்கள் என்று நான் உன் காதில் கேட்டேன். அப்போதுதான் அந்த ஆறுமணிக் குருவி குப்பைக்குள்ளிருந்து தத்தித் தத்தி வந்தது. பச்சை, நீலம், வயிற்றில் சிவப்பு. இந்தியாவிலிருந்து குளிருக்குப் பறந்து வந்து மார்கழி, தை எல்லாம் இங்கே இருந்துவிட்டுத் திரும்பிப் போகும் என்று சொன்னாய். நம் பாட்டன் பூட்டன் நடந்தும் கப்பலிலும் வந்த வழியை இது பறந்து வருகிறதே, திரும்பிப் போகவும் தெரிந்திருக்கிறதே என்று எனக்குத் தோன்றியது. உன்னிடம் சொல்லவில்லை, சொன்னால் அதையும் ஆட்களுக்குச் சொல்லிக் காசாக்கிவிடுவாய்.

மஸ்கெலியாவுக்குப் போனதையும் சொல்ல வேண்டும். தண்ணீர் வற்றி, அணைக்குள் மூழ்கிக் கிடந்த பழைய கோயில் வெளியே தெரிந்த சமயம் அது. நீர்க்காகம் பார்க்கத்தான் போனோம். நீ திடீரென்று வேனை ஓரங்கட்டி, எதிர்க் கரையில் பட்டுப்போன மரத்தைக் காட்டி, தொலைநோக்கியை என் கண்ணில் வைத்தாய். கழுகு. கண்ணாடிக்குள் அது என் மூக்குக்கு முன்னால் உட்கார்ந்திருந்தது. வாழ்நாள் முழுக்க நான் அதன் நிழலைத்தான் பார்த்திருக்கிறேன், முகத்தைப் பார்த்ததில்லை. சின்னத் தலை, மஞ்சள் கண். முகத்தில் இறகெல்லாம் மீன் செதில் மாதிரி நெருக்கமாக இருக்கும், அதனால்தான் குளவி கொட்டினாலும் உறைக்காது என்று நீ விளக்கினாய். நான் பின்னால் சாய்ந்ததைப் பார்த்துவிட்டு, "பயப்படாதம்மா, அது ரொம்ப தூரத்துல இருக்கு" என்றாய். நீ ஃபிளாஸ்கிலிருந்து தேத்தண்ணீர் ஊற்றிக் கொடுத்தாய், நான் குடித்தேன். ஆனால் அந்தக் கண்ணைப் பார்த்தபோது எனக்குப் பாக்கியம் அக்காதான் ஞாபகத்துக்கு வந்தாள். கழுகின் மேல் எனக்குக் கோபம் இல்லை, தம்பி. அது தன் வயிற்றுக்குத் தேடுகிறது. கீழே யார் நிற்கிறார்கள் என்று பார்க்க வேண்டிய கடமை அதற்கு இல்லை. நமக்குத்தான் இருக்கிறது.

போன ஞாயிற்றுக்கிழமை நீ ஃபோனில் சொன்னபோது நான் ரொட்டிக்கு மாவு பிசைந்துகொண்டிருந்தேன். "தொர என்னைய உள்ள கூப்பிட்டு, உக்கார வச்சுப் பேசினாரும்மா. கூட்ட கலைக்க மாட்டாங்க. அந்த மரத்த சுத்தி இருக்க நிரைய எல்லாம் கொழுந்தெடுக்காம விட்ருவாங்க." உன் குரலில் இருந்த சந்தோஷம் எனக்கும் தொற்றிக்கொண்டது, அதை மறைக்கமாட்டேன். அந்த பங்களா வாசலில் நான் நின்றிருக்கிறேன், உன் அப்பா நின்றிருக்கிறார். உட்காரச் சொல்லி யாரும் எங்களைக் கேட்டதில்லை. என் மகன் நாற்காலியில் உட்கார்ந்து துரையோடு இங்கிலீஷில் பேசினான் என்று லயம் முழுக்கச் சொல்லிக்கொண்டு திரிந்தேன். சுமதியிடமும் சொன்னேன். அவள் சிரித்தாள். கூட்டைப் பற்றி அப்போது என் புத்தியில் ஒன்றும் உறைக்கவில்லை. நாற்காலிதான் பெரிதாகத் தெரிந்தது.

வியாழக்கிழமை வேலை விட்டதும் சுமதி கூடையோடு நேராக நம் வீட்டு வாசலுக்கு வந்தாள். புதன்கிழமை பெய்த மழைக்குக் கொழுந்து குப்பென்று தள்ளியிருக்கிறது. பேக்டரிக்குக் கொழுந்து காணாது என்று மேலிருந்து நெருக்கியிருக்கிறார்கள். விட்டுவிடுவதாகச் சொன்ன நிரைகளைக் காலையில் பெரட்டில் பிரித்துக் கொடுத்துவிட்டார்கள். "சித்தி, இன்னைக்கு எனக்கு அந்த மரத்தடியிலதான் நிரை" என்றாள். நிரையை மறுத்தால் அரைப் பேர்தான், பாதிச் சம்பளம் போய்விடும். மலையில் வேலை வாங்குகிற கண்டாக்கையாவிடம் கேட்டாளாம். கூட்டை வைக்கச் சொன்னது உங்கள் லயத்து ஆள்தானே, அவரிடமே கேளுங்கள் என்று சொல்லிவிட்டாராம். நாள் முழுக்க ஒரு கண் கொழுந்தில், ஒரு கண் வானத்தில் வைத்துக்கொண்டு எடுத்திருக்கிறார்கள். மத்தியானம் ஒரு தடவை தட்டு வந்திருக்கிறது. எல்லோரும் படுத்துவிட்டார்கள். கழுகு மரத்தை ஒரு சுற்றுச் சுற்றிவிட்டுப் போய்விட்டது. அன்றைக்கு நல்ல நேரம்.

இதைச் சொல்லிவிட்டு அவள் என்னைத் திட்டியிருந்தால் எனக்குத் தேவலையாக இருந்திருக்கும். உன்னைத் திட்டியிருந்தால் நானும் சேர்ந்து திட்டியிருப்பேன். அவள் என் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னது இதுதான்: "தம்பி தெரிஞ்சு செஞ்சிருக்காது சித்தி. சீசன் நேரம், நீங்க ஒன்னும் சொல்லிப்புடாதீங்க. நாங்க பாத்துக்கிறோம்." எதைப் பார்த்துக்கொள்வார்கள்? அவளுடைய அம்மா பார்த்துக்கொண்டதைத்தான் நாம் பார்த்தோமே.

நீ என்ன சொல்வாய் என்று எனக்குத் தெரியும். துரை வாக்குக் கொடுத்தார், மீறியது தோட்டம், நான் என்ன செய்வேன் என்பாய். துரை பொய் சொன்னார் என்று நானும் சொல்லவில்லை. ஆனால் பங்களாவில் கொடுத்த வாக்கு மலைக்கு வந்து சேர்வதற்குள் கொழுந்து வளர்ந்துவிடுகிறது. இது உனக்குத் தெரியாமல் போகலாமா? வெளியூரிலிருந்து வந்த ஒருவன் இப்படிக் கேட்டிருந்தால், பாவம், பறவையைத் தவிர ஒன்றும் தெரியாதவன் என்று விட்டுவிடுவேன். கொழுந்து தள்ளினால் எந்த நிரையையும் விட்டுவைக்கமாட்டார்கள் என்பது நம் லயத்தில் நடக்கப் பழகிய பிள்ளைக்கும் தெரியும். கூட்டைப் புகை போட்டுக் கலைப்பது பாவம் என்பாய். பாவம்தான். மேலே ரிசர்வ் காட்டுக்குள் எத்தனை கூடு தொங்குகிறது, நீதான் எனக்குக் காட்டியிருக்கிறாய். கழுகு அங்கே போகும். நீயும் உன் ஆட்களைக் கொஞ்சம் நடக்க வைத்து அங்கே கூட்டிப்போகலாம். வண்டியை ரோட்டில் நிறுத்தி, இறங்கின இடத்திலேயே காட்டினால் உனக்குச் சுலபம். அந்தச் சுலபத்துக்காகத்தான் இந்தக் கூடு இருக்கிறது என்று நான் நினைக்கிறேன். தப்பு என்றால் சொல்லு.

உன்னைப் பற்றியும் பயம் இல்லாமல் இல்லை. அந்த வளைவில் நின்று மேலே பார்க்கிறவர்கள் பளிச்சென்று சட்டை போட்டிருப்பார்கள், சென்ட் அடித்திருப்பார்கள், முக்காலியை ஊன்றி வாயைப் பிளந்துகொண்டு நிற்பார்கள். கூடு கலைந்தால் அவர்களுக்கு எங்கே ஓடுவது, எப்படிப் படுப்பது என்று என்ன தெரியும்? நீ அவர்களை வேனுக்குள் தள்ளிவிட்டுத்தான் கடைசியாக ஏறுவாய். உன் குணம் அது. பாக்கியம் அக்கா விழுந்து கிடந்த இடத்தில் உன்னை வைத்துப் பார்க்கிறேன், கண்ணை மூடினால் அதுதான் வருகிறது. அப்புறம் கண்ணைத் திறந்தால் சுமதி கூடையோடு மேட்டில் ஏறிக்கொண்டிருக்கிறாள். மூடினாலும் பயம், திறந்தாலும் பயம்.

வெள்ளிக்கிழமை காலையில் நானே போய் அந்த மரத்தைப் பார்த்துவிட்டு வந்தேன். பென்ஷன் வாங்கின பிறகு அந்த மேட்டில் ஏறியதில்லை, முழங்கால் பாட்டுப் பாடியது. ரோட்டில் நின்றே பார்த்தேன், உள்ளே போகத் தைரியம் வரவில்லை. கூடு கொழுந்துக் கூடையைவிடப் பெரிது. காற்றுக்கு அதன் மேல்தோல் அலையலையாக அசைகிறது, அசைவது அத்தனையும் குளவி. அதற்குக் கீழே சுமதியும் இன்னும் ஏழெட்டுப் பேரும் குனிந்து எடுத்துக்கொண்டிருந்தார்கள். யாரும் பேசவில்லை. கொழுந்து எடுக்கிற இடத்தில் பெண்கள் பேசாமல் இருப்பதை நீ கேட்டிருக்கிறாயா?

திரும்பி வரும் வழியில் கண்டாக்கையாவைப் பார்த்தேன். கொழுந்துக்கு ஆள் காணாது, திங்கட்கிழமை அன்றைக்கே கூலி கொடுக்கிற கைக்காசு வேலைக்கு ஆள் எடுக்கிறோம், பென்ஷன்காரர்களும் வரலாம் என்று அவர் வேறு யாரிடமோ சொல்லிக்கொண்டிருந்தார். என் பெயரையும் போட்டுக்கொள்ளச் சொன்னேன். டர்பன்டைன் மரத்துக்கு நேர் கீழே இருக்கிற நிரை வேண்டும், சுமதியை அங்கிருந்து மாற்றிவிடுங்கள் என்றேன். "ஒங்களுக்கு என்னாத்துக்கும்மா இந்த வேல? மகன்தான் வேன் ஓட்டுறாரே" என்று கேட்டார். பெயரைப் போடுங்கள் என்றேன். அவரும் பெயரைப் போட்டுக்கொண்டார்.

இதை வாசித்ததும் அம்மா மிரட்டுகிறாள் என்று நினைப்பாய். மிரட்டுகிறவளுக்கு இப்படி நடுங்குமா? எழுத்தெல்லாம் கோணிக்கொண்டு போவதைப் பார். எனக்கு அங்கே போக விருப்பம் இல்லை, தம்பி. இந்த வயதில் ஒரு கொட்டு விழுந்தாலும் என் உடம்பு தாங்காது என்று எனக்குத் தெரியும். ஆனால் என் பிள்ளை சொல்லித்தான் அந்தக் கூடு அங்கே தொங்குகிறது. அதற்குக் கீழே வேறு ஒருத்தி பெற்ற பிள்ளையை நிற்கவைத்துவிட்டு, நான் வாசலில் உட்கார்ந்து உன் வேன் வருகிறதா என்று எட்டிப் பார்த்துக்கொண்டிருக்க முடியாது. கூடு இருந்தாலும் இல்லாவிட்டாலும் திங்கட்கிழமை நான் அந்த நிரையில்தான் நிற்பேன்.

எனக்குப் பதில் எழுத வேண்டாம், சமாதானம் சொல்லவும் வேண்டாம். துரைக்கு ஃபோன் பண்ணு.

அம்மா